தூண்டிலும் சீலமும்

நம் சங்கத்து மூத்த உபாசகர் ஒருவரின் புதல்வர் அமெரிக்க ஐக்கிய நாட்டில், மிச்சிகன் மாநிலத்தில், பொறியாளராய் அலுவல் பார்த்து வருகிறார். சிறு பிராயத்தில் ஞாயிறுதோறும் தந்தையாரின் விரலைப் பற்றிக்கொண்டு பெங்களூரிலுள்ள நம் விகாரைக்கு வந்து, திரிசரணமும் பஞ்சசீலமும் பிழையறச் சொல்லிய பிள்ளை. அவரிடமிருந்து சென்ற மாதம் மின்னஞ்சல் வழியாக ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரித்து நான்கு வரி எழுதியபின், ஒரு வினாவை நம்முன் வைத்திருந்தார்.

"ஐயா, ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் அலுவலகத் தோழர்களுடன் செயின்ட் கிளேர் ஏரிக்குப் படகில் சென்று மீன் பிடிக்கிறேன். பிடித்த மீன் ஒன்றையேனும் நாங்கள் கொன்றதில்லை. அளவெடுத்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு, உடனே நீரில் விட்டுவிடுகிறோம். இதனால் முதற் சீலம் பங்கப்படுமா?"

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் திருப்பிவிடத்தக்க வினாவாக இது நமக்குத் தோன்றவில்லை. நாமோ ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு நூற்பாலைக்குச் சென்றவர். இரவு வேளைகளில் விளக்கடியில் தாமாகவே எழுத்துக் கூட்டிப் பாலி நூல்களின் தமிழாக்கங்களைப் படித்தவர். ஆதலின், அறிந்தோர் தீர்ப்பாக அன்றி, வாசக அன்பர்களோடு கூடி ஆராயும் ஆராய்ச்சியாகவே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் அந்த மீனை அறிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு ஸ்மால்மவுத் பாஸ் என்று பெயர். சிறுவாய்ப் பாஸ் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதன் உறவினமாகிய பெருவாய்ப் பாஸுக்கு மேல்தாடை கண்ணைக் கடந்து பின்னே நீளும். இதற்கு அவ்வாறு நீளாது. வெண்கலம் போன்ற நிறம், பக்கங்களில் மேலிருந்து கீழாக இறங்கும் கருவரிகள், செந்நிறக் கண். வட அமெரிக்காவின் பேரேரிகளும், மிசிசிப்பி, ஒகையோ முதலிய ஆறுகளும் இதன் தாயகம். 1802-ஆம் ஆண்டில் லாசெப்பேத் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்குச் சாத்திரப் பெயர் சூட்டியபொழுது, அவருக்குக் கிடைத்த மீனின் முதுகுத்துடுப்பு சிதைந்திருந்தது. சிதைவென்று அறியாமல், அதன் இயல்பே அதுவெனக் கொண்டு, 'சிறுதுடுப்பு' என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பெயரை வைத்துவிட்டார். ஒரு பிராணி பட்ட காயமே அதன் குலப்பெயராகி இன்றளவும் நிலைத்துவிட்டது. மனிதர்க்கும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. அது வேறு கதை.

நம் தம்பி செப்டம்பரில் ஏரிக்குச் செல்வதற்குக் காரணம் உண்டு. கோடையின் வெம்மை தணிந்து, நீரின் வெப்பம் 22 பாகையிலிருந்து 15 பாகையை நோக்கிச் சிறுகச் சிறுக இறங்கும் காலம் அது. பகல் குறுகும், கரையோரத்து மரங்கள் நிறம் மாறத் தொடங்கும். 10 பாகைக்குக் கீழே நீர் குளிர்ந்துவிட்டால் இம்மீன் ஆழத்தில் ஒதுங்கி, அசைவு குறைந்து, கடுங்குளிர் மாதங்களில் ஏறக்குறைய உண்ணாமலே கிடக்கும். அந்த நெடிய உபவாசத்துக்கு முன்பு உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டிலே பிறந்த குஞ்சுகளுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. போதிய அளவு வளர்ந்து கொழுக்காத குஞ்சுகள் முதற் குளிர்காலத்தைத் தாண்டாமல் மடிவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் சிறுவாய்ப் பாஸ் ஆழம் குறைந்த பாறைத்திட்டுகளுக்கும் சரளைமேடுகளுக்கும் வந்து, சிங்கியிறாலைப் போன்ற க்ரேஃபிஷையும் சிறு மீன்களையும் விரட்டி விரட்டித் தின்கிறது. கோபி என்னும் சிறுமீன் கடல்கடந்து கப்பல்களின் அடித்தண்ணீரோடு வந்து, 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றிலே முதன்முதலாகக் காணப்பட்டது. இன்று அங்குள்ள பாஸ் மீன்களுக்கு அதுவே பெரும் உணவு.

தூண்டிற்காரரின் மூலதனம் இந்தப் பசிதான். விடியற்காலையில் நீர்ப்பரப்பில் துடிக்கும் பொய்யிரை; வெயில் ஏறியபின் அடித்தரையிலே க்ரேஃபிஷைப் போலத் தத்தித் தத்திச் செல்லும் ரப்பர்க் குழல். மீன் கவ்வுகிறது, நரம்பு விறைக்கிறது, கோல் வளைகிறது. ஆழத்துக்குப் பாய்ந்தும், திடீரென்று நீரைக் கிழித்து மேலெழும்பித் தலையை உதறியும் அது போராடுகிறது. அந்தப் போராட்டத்துக்காகவே இம்மீனை விரும்பித் தேடி வருவோர் ஆயிரமாயிரம் பேர். 1955-இல் டேல் ஹாலோ ஏரியிலே பிடிபட்ட 11 பவுண்டு 15 அவுன்ஸ் எடையுள்ள மீனே இன்றும் உலக சாதனை. அதன் வயிற்றில் உலோகத் துண்டுகள் திணிக்கப்பட்டன என்று ஒருவர் கூறியதன்மேல் 1996-இல் அச்சாதனை நீக்கப்பட்டது. 2005-இல் திரும்பவும் ஏற்கப்பட்டது. அரை நூற்றாண்டு காலம் செத்த மீனின் எடையைப் பற்றி வழக்காடியிருக்கிறார்கள்!

இதைச் சொல்லும் நாம் தூண்டிலை அறியாதவரல்லோம். பத்து வயதில், மூங்கிற்கோலும் மயிலிறகுத் தண்டுத் தக்கையும் மண்புழுவுமாக ஏரிக்கரையிலே பல மாலைகளைக் கழித்திருக்கிறோம். தக்கை ஒரு முறை நடுங்கி, மறுமுறை நடுங்கி, சட்டென்று நீருக்குள் மறையும் அக்கணத்தில் நெஞ்சு துள்ளிய துள்ளலை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கவில்லை. அந்த இன்பம் பொய்யென்று தம்பிக்கு எழுதினால் நாமே பொய்யராவோம்.

இனி வினாவுக்கு வருவோம். உயிர்க்கொலை எப்பொழுது நிறைவேறியதாகும் என்பதற்கு உரையாசிரியர்கள் ஐந்து அங்கங்கள் வகுத்திருக்கின்றனர். அது உயிருள்ளதாக இருத்தல், உயிருள்ளதென்று செய்பவன் அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் மரணம். இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் தம்பிக்கு முதல் இரண்டும் உண்டு. கொல்லும் எண்ணமோ மரணமோ இல்லை. சீலத்தின் எழுத்துப்படி அவர் தப்பித்தார். வழக்கறிஞராயின் இங்கேயே கட்டணத்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம்.

ஆனால் மரணம் இல்லை என்பது முற்றும் உண்மைதானா? விடப்படும் மீன்களிற் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் முள் தொண்டையிலோ செவுளிலோ ஆழப் பதிந்தால் நிலைமை வேறு. இன்னொன்றும் உண்டு. இம்மீனின் காற்றுப்பைக்கு வாயோடு வழியில்லை. உள்ளிருக்கும் காற்றை உடனே வெளிவிட அதனால் இயலாது. இலையுதிர் காலம் முதிர்ந்து மீன்கள் ஆழத்துக்கு இறங்கியபின், முப்பது அடிக்குக் கீழிருந்து விரைவாக மேலே இழுத்தால், அப்பை ஊதிப் பெருத்து, மற்ற உறுப்புகளை நெருக்குகிறது. விடுவித்த மீன் கீழே இறங்கமாட்டாமல் பக்கவாட்டில் மிதக்கிறது. பறவைக்கும் வெயிலுக்கும் இரையாகிறது. செயின்ட் கிளேர் ஏரி சராசரி 11 அடி ஆழமே உடையதாகையால் அங்கு இந்த இடர் குறைவு. அதே தோழர்கள் ஈரி ஏரியின் ஆழ நீருக்குச் செல்வராயின், விடுதல் என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடும்.

வசந்த காலத்துச் செய்தி இதைவிட உருக்கமானது. முட்டையிட்டபின் தாய்மீன் சென்றுவிடும்; தந்தைமீனே சரளையிலே அமைத்த கூட்டைக் காத்து, வாலால் நீரை வீசி, குஞ்சுகள் பிரிந்து செல்லும் வரையில் வாரக்கணக்காகக் காவல் நிற்கும். அணுகுவதை எல்லாம் அது தாக்குமாதலின், அப்பொழுது அதனைப் பிடிப்பது மிக எளிது. அதைச் சில நிமிஷங்கள் தூக்கி வைத்திருந்து விட்டாலும், அந்த இடைவெளியிலே மற்ற மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. களைத்துத் திரும்பிய தந்தை கூட்டையே கைவிடுவதும் உண்டு. பிடித்தவர் ஒன்றையும் கொல்லவில்லை, நூற்றுக்கணக்கில் மடிந்தன. இக்காரணம் பற்றியே கனடாவின் ஒன்டாரியோவில் பல நீர்நிலைகளில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிப்பதைத் தடுத்து வைத்தனர். நம் தம்பி செப்டம்பரில் செல்வதால் இக்குற்றம் அவரைச் சேராது.

ஆகவே அவருக்குச் சாதகமாகவே எல்லாவற்றையும் கொள்வோம். ஆழமற்ற நீர், குளிர்ந்த பருவம், கூரின் பின்னே மறுமுள் இல்லாத தூண்டில், நனைத்த கை, அரை நிமிஷத்தில் விடுதலை, மீன் நலமே நீந்திச் சென்றது. பிழைத்துக்கொண்ட அந்த மீனைப் பற்றித்தான் இப்பொழுது நாம் கேட்கிறோம். அதற்கு இழைக்கப்பட்டது என்ன?

மீனுக்கு வலி இல்லை என்பார் உண்டு. 2002-இல் வயோமிங் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ரோஸ் என்பவர், வலியை உணர்வதற்கு வேண்டிய மூளைப்புறணி மீனுக்கு இல்லை. ஆகையால் அது துடிப்பதெல்லாம் உணர்வற்ற துடிப்பே என்று வாதித்தார். மறு ஆண்டில் பிரிட்டனில் லின் ஸ்னெடன் அம்மையாரும் உடனாய்ந்தோரும், ட்ரவுட் மீன்களின் உதட்டிலே தேனீயின் நஞ்சையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தனர். அவை பக்கத்துக்குப் பக்கம் ஆடின. அமிலம் ஏற்றவை உதட்டைச் சரளையில் தேய்த்தன. இரையை நெடுநேரம் தீண்டவில்லை. ஊறு உணரும் நரம்பு முனைகள் அவற்றின் முகத்தில் உள்ளமையும் காட்டப்பட்டது. வலியை அறிய வலியைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கதே. அறிஞர்களின் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும், உணர்கிறதோ இல்லையோ என்ற ஐயம் நிற்கும் இடத்தில், ஐயத்தின் பயனை வலியவனுக்குக் கொடுப்பதா, எளியதற்குக் கொடுப்பதா?

உதானம் என்னும் நூலிலே ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. பகவான் சாவத்தி நகருக்குப் பிச்சைக்குச் செல்கிறார். ஜேதவனத்துக்கும் நகருக்கும் இடையில் சில சிறுவர்கள் சிறு மீன்களைப் பிடித்து வருத்திக்கொண்டிருக்கிறார்கள். பகவான் நின்று, துன்பத்துக்கு நீங்கள் அஞ்சுவீர்களா, அது உங்களுக்கு உவப்பற்றதா என்று வினவுகிறார். அஞ்சுவோம் என்கிறார்கள் பிள்ளைகள். உவப்பற்றதாயின் அத்தகைய வினையைச் செய்யற்க என்பது அங்கு அவர் உரைத்ததன் கருத்து. அச்சிறுவர்கள் மீனைக் கொன்றதாக அங்கே கூறப்படவில்லை என்பதை நோக்குக. 'வருத்துதல்' என்ற பொருளுடைய சொல்லே இருக்கிறது. அவர்களிடம் ஐந்து அங்கங்களை எண்ணிப் பார்த்து, மரணம் நிகழவில்லை, செல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை; மீனின் மூளையைப் பற்றியும் கேட்கவில்லை. பிள்ளைகளின் மேனியைப் பற்றிக் கேட்டார்.

நம் மேனியிலே கேட்டுக்கொண்டால் நமக்கு நினைவு வருவது ஆலையின் வாயில்தான். நாம் பதிலித் தொழிலாளராய் இருந்த காலம் அது. நிரந்தர ஆள் வராத நாளில் மட்டுமே பதிலிக்கு வேலை. காலைச் சங்கு ஊதுமுன் வாயிலில் நிற்க வேண்டும். மேஸ்திரி விரல் நீட்டியவர்கள் உள்ளே செல்லலாம். ஒரு மேஸ்திரிக்கு ஒரு விளையாட்டு உண்டு. உள்ளே சென்று இயந்திரத்தருகில் நின்றுவிட்ட ஒருவரை அழைத்து, அவருடைய வேலைச் சீட்டை வாங்கிக்கொண்டு, "இனிமேல் உனக்கு இங்கே வேலை கிடையாது, போ" என்பார். அவர் கெஞ்சுவார், காலில் விழுவார். கால் மணியோ அரை மணியோ கழிந்தபின் மேஸ்திரி சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பிக் கொடுப்பார்: "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்." கூலியில் ஒரு காசு குறையாது, வருகைப் பதிவில் முழு நாளே இருக்கும். சுற்றியிருந்தோர் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம்.

ஒரு நாள் நம் முறை வந்தது. மனைவி பிரசவத்துக்குச் சென்றிருந்த மாதம். அந்த அரை மணி நேரத்தில் நம் வாய் உலர்ந்ததும், முழங்கால் தளர்ந்ததும், வீட்டு வாடகையை மனம் கணக்கிட்டதும் எவர் பதிவேட்டிலும் இல்லை. சீட்டைத் திரும்பப் பெற்றபொழுது நாம் செய்தது என்ன தெரியுமா? கைகூப்பினோம், நன்றி சொன்னோம். அவர் முகத்தில் ஒரு தயாளனின் பெருமிதம் தோன்றியது. எடுத்தவரும் அவரே, கொடுத்தவரும் அவரே. இரண்டிலும் இன்பம் அவருக்கு. மீனை நீரில் விடும் கையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நமக்கு அந்த முகம் நினைவுக்கு வருகிறது.

மீன் மனிதனல்ல, அதற்கு வாடகைக் கவலை உண்டோ என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் மூன்றாம் முறை அந்த மேஸ்திரி சீட்டைக் கேட்டபொழுது அது விளையாட்டென்று நாம் அறிந்திருந்தோம், பயம் பாதியாகிவிட்டது. ஏரியில் உள்ள மீனுக்கு இவர் விட்டுவிடும் வகையினர் என்று அறிவிப்பவர் யார்? அதற்கு ஒவ்வொரு முறையும் முழு மரணமே எதிரில் நிற்கிறது. அது மரணத்தோடு போராடுகிறது. படகில் இருப்பவர் அப்போராட்டத்தோடு விளையாடுகிறார்.

இவ்விடத்திலே நம் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு குரல் எழும்: "மாதம் இரு முறை மத்திக் குழம்பு உண்ணும் நீர் இதைச் சொல்லலாமா?" நியாயமான கேள்வி. நாம் உண்ணும் மீன் விடுவிக்கப்பட்டதன்று. ஸ்விட்சர்லாந்து தேசத்தில் 2008-ஆம் ஆண்டின் விதிகளின்படி, திருப்பி விடும் நோக்கத்தோடு மீன் பிடித்தல் குற்றம், உண்பதற்குப் பிடிக்கலாம். ஜெர்மனியிலும் தக்க காரணமின்றிப் பிராணியை வருத்தலாகாதென்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், விளையாட்டுக்காகப் பிடித்து விடுவதை ஏற்பதில்லை. இதை முதலில் படித்தபொழுது தலைகீழாய் இருக்கிறதே என்று வியந்தோம். கொன்றவன் நிரபராதி, விட்டவன் குற்றவாளியா? அமெரிக்காவிலோ 1972-இல் பாஸ் போட்டிகளில் மீனை உயிரோடு விடும் முறையைக் கொணர்ந்ததே பெரிய சீர்திருத்தமாகப் போற்றப்படுகிறது. ஒரே ஆண்டு, ஒரே செயல், இரு தேசங்களில் இரு தீர்ப்புகள். பசிக்காகச் செய்ததற்குப் பசி என்ற காரணமேனும் உண்டு என்பது ஐரோப்பியர் கருத்து. நம் குழம்புக்கு அந்தக் காரணமும் முழுதாய் இல்லை. பருப்பு கிடைக்காத வீடன்று நம் வீடு. ஆகவே தம்பியைவிட நாம் தூயவர் என்று இங்கு எழுதவில்லை.

நம் சமயத்தவரின் ஒரு வழக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கீழ்த்திசை நாடுகள் பலவற்றில் புண்ணியத்துக்காக மீனை விலைக்கு வாங்கி நீரில் விடுகிறார்கள். நல்லெண்ணத்தில் தோன்றியதுதான். ஆனால் கோவில் வாசலில் விற்பதற்கென்றே மீனைப் பிடிக்கும் வியாபாரமும் அதனோடு வளர்ந்துவிட்டது. விடுதலைக்காகச் சிறை, இதுவும் தூண்டிற்காரரின் விடுதலைக்கு ஒன்றுவிட்ட உறவே.

தூண்டிற்காரர் பக்கத்திலும் சொல்லத்தக்கது உண்டு. அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டிற் கருவிகள்மீது விதிக்கும் வரி, மீன்வளம் காக்கும் பணிக்கே செல்கிறது. ஏரியைத் தெளிவாக வைத்திருக்க முன்நிற்பவர்களில் அவர்கள் பலர். நம் ஊர் ஏரிகளில் நுரை பொங்கியபொழுது அவற்றுக்காக அழ ஒரு தூண்டிற்காரர் சங்கம்கூட இல்லாமற் போயிற்றே என்று நாம் வருந்தியதுண்டு. நீரை நேசிக்கச் செய்யும் பழக்கத்தை முற்றும் இகழ மனம் வரவில்லை.

இவ்வளவும் எண்ணியபின் தம்பிக்கு நாம் தீர்ப்பு எழுதவில்லை. ஒரு சோதனையை எழுதினோம். தூண்டிலின் கூரையே வெட்டி எறிந்துவிட்டு மீன் பிடிக்கச் செல்வோர் அந்நாட்டிலேயே சிலர் உண்டு. பொய்யிரையை எறிவார்கள், மீன் எழும்பிக் கவ்வும், ஒரு கணம் நரம்பு அதிரும், மீன் உமிழ்ந்துவிட்டுப் போய்விடும். விடியற்காலை ஏரி அப்படியே இருக்கிறது. மீன் எங்கே நிற்கும் என்று கணிக்கும் அறிவுக்கு வேலை இருக்கிறது. எறியும் கைத்திறனுக்கும் வேலை இருக்கிறது. தக்கை மறையும்போது நெஞ்சு துள்ளுமே, அந்தத் துள்ளலும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: பிடிபட்ட பிராணியின் போராட்டம். "தம்பி, ஒரு காலைப்பொழுது அவ்வாறு செய்து பாரும். மனம் நிறைந்ததாயின் நீர் தேடிச் சென்றது ஏரியை. குறையொன்று தோன்றுமாயின், அந்தக் குறை எது என்று உம்மையே கேட்டுப் பாரும், நமக்குச் சொல்ல வேண்டியதில்லை" என்று எழுதினோம். ஏமாந்த மீன் வீணே பாய்ந்து களைக்குமே என்று ஒரு வாசகர் கேட்பார், அதுவும் உண்மையே. அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. தம் பெட்டியிலிருந்த பொய்யிரைகளுள் ஒன்றை எடுத்து, அதன் கூர்களைக் குறடால் வெட்டிவிட்டதாகவும், வரும் செப்டம்பரில் அதனை முதலில் எறிந்து பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார். வெட்டிய இரையின் படத்தையும் அனுப்பியிருந்தார். பெட்டியிலுள்ள மற்றவற்றைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. அன்று மாலை நம் வீட்டில் மத்திக் குழம்பு.